செல்லப்பிராணி வலைப்பூவை நம்பி வேலையை விடலாமா?

வாசகர் கேள்விக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

34 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருக்கு ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நாள்பட்ட சிறுநீரக நோய் வந்த தன் நாயை மூன்று ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அது போன பிறகு மனம் ஆறாமல், கற்றதையெல்லாம் எழுதிவைக்க ஒரு வலைப்பூ தொடங்கினார். 14 மாதங்களில் 60 கட்டுரைகள். இப்போது மாதம் சுமார் 9,000 பேர் படிக்கிறார்கள். விளம்பரத்தில் வருகிற பணம் தளத்தை நடத்தும் செலவுக்கே போதவில்லை என்பதால், நண்பர்களிடம் தினமும் ஒருமுறை விளம்பரத்தைச் சொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

சமீபத்தில் இரண்டு அழைப்புகள் வந்திருக்கின்றன. ஓர் உணவு நிறுவனம் பணம் தந்து மதிப்புரை கேட்கிறது. பணம் வாங்கியதைச் சொல்லக் கூடாது, வெளியிடும் முன் தங்களிடம் காட்ட வேண்டும், தங்கள் தளத்துக்குச் சாதாரண இணைப்பு தர வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். இன்னொருவர், சிறுநீரகத்தைச் 'சரிசெய்யும்' சொட்டு மருந்தை விற்றுக்கொடுத்தால் பெரிய தரகு தருவதாகச் சொல்கிறார். இதற்கிடையே வாசகர்கள் மருந்து கேட்டு எழுதுகிறார்கள். அதற்குக் கட்டணம் வாங்கலாமா, வீட்டுச் சமையல் குறிப்புகளை மின்னூலாகப் போட்டு விற்கலாமா, ஆறு மாதத்தில் வேலையை விடலாமா என்று கேட்கிறார். 'நான் மருத்துவர் அல்ல' என்று ஒவ்வொரு கட்டுரையின் கீழும் ஒரு வரி போட்டிருக்கிறாராம், அது போதும்தானே என்றும் ஒரு கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தோடு மூன்று கட்டுரைகளையும் அனுப்பியிருந்தீர்கள். முதலில் அவற்றைத்தான் படித்தேன். தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். திரவப் பையை முன்கூட்டியே வெதுவெதுப்பான நீரில் வைத்து எடுத்தால் நாய் நெளிவது குறைகிறது, ஒரே இடத்தில் குத்தாமல் இடம் மாற்றிக் குத்த வேண்டும், குத்திய கையை நாய் வெறுக்காமலிருக்க அடுத்த பத்து நிமிடம் என்ன செய்தீர்கள் என்பதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம். வீட்டுக்குப் போனதும் நாயின் சொந்தக்காரருக்குக் கை நடுங்கும். அந்தக் கைக்காக எழுதப்பட்ட கட்டுரை அது. பசி போன நாய்க்கு உணவைச் சற்றுச் சூடாக்கி வைப்பது பற்றிய இரண்டாவது கட்டுரையும் அப்படித்தான்.

மூன்றாவது, 'பூனைக்குக் காய்ச்சலா? கொடுக்க வேண்டிய மருந்துகள்'. இதை எழுதியது நீங்கள்தானா என்று மேலே போய்ப் பெயரைப் பார்த்தேன். நாலைந்து இடங்களில் எடுத்துத் தொகுத்தது என்பது வாக்கியத்துக்கு வாக்கியம் தெரிகிறது. ஆனால் உங்கள் வலைப்பூவில் அதிகம் பேர் படிப்பது இதைத்தான், அதனால் இதே மாதிரி இன்னும் 20 எழுதப் போகிறேன் என்கிறீர்கள். நீங்கள் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்குமான பதில் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது. அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

கூட்டம் வேறு, வருமானம் வேறு

நானும் மருத்துவமனை வேலைக்கு நடுவே சில ஆண்டுகளாகச் செல்லப்பிராணிகள் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கு வந்த மாதிரி அழைப்புகள் எனக்கும் வந்ததுண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: படிக்க வருகிறவர்களின் எண்ணிக்கை கூடினால் பணமும் அதே வேகத்தில் கூடும் என்பது சரியான கணக்கு அல்ல.

விளம்பர வருமானம் பெரும்பாலும் ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகிறது. அந்தத் தொகை சிறியது. மாதம் 9,000 பேரை வைத்து அதில் பிழைக்க முடியாது; 90,000 பேரானாலும் கஷ்டம்தான். 'பூனைக்குக் காய்ச்சல்' என்று தேடி வருகிறவர் அரை நிமிடம் கண்ணை ஓட்டிவிட்டுப் போய்விடுவார், திரும்பி வரமாட்டார். போதாக்குறைக்கு, 2024இலிருந்து கூகுள் தேடல் பக்கத்திலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கமான பதிலை மேலே காட்டத் தொடங்கிவிட்டது. நாய் திராட்சை தின்னலாமா போன்ற கேள்விகளுக்கு இனி யாரும் உங்கள் வாசல் வரை வரத் தேவையில்லை. (தின்னக் கூடாது, சிறுநீரகம் பழுதாகும். பார்த்தீர்களா, ஒரே வரியில் முடிந்துவிட்டது.)

சிறுநீரக நோய் வந்த நாயை வைத்திருப்பவர் அப்படி அல்ல. அவர் பல மாதங்களுக்கு வந்துகொண்டே இருப்பார். எடை பார்க்கும் கருவி, வழுக்காத விரிப்பு, மாத்திரை நறுக்கும் சிறு கருவி, மருத்துவர் சொன்ன உணவு என்று அவர் எப்படியும் வாங்க வேண்டியவை பல. நீங்கள் பயன்படுத்திப் பார்த்த பொருளுக்கு அஃபிலியேட் இணைப்பு தந்தால், அதன் வழியாகப் போய் வாங்குகிறவருக்கு விலை கூடாது. விற்பவர் உங்களுக்கு ஒரு சிறு தரகு தருவார். அமேசான் 1996இலேயே தொடங்கிய முறை இது. அதில் இணைப்பைச் சொடுக்கிய 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கூடையில் சேர்த்தால்தான் உங்கள் கணக்கில் வரும் என்பது போன்ற விதிகள் உண்டு, சேரும் முன் படித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, வந்தவர் உங்களை எவ்வளவு நம்புகிறார் என்பதுதான் இங்கே பணமாகிறது.

அப்புறம், அந்த நண்பர்களிடம் இன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிடுங்கள். சொந்த விளம்பரத்தைச் சொடுக்குவதும் மற்றவர்களைச் சொடுக்கச் சொல்வதும் கூகுளின் ஆட்சென்ஸ் உட்பட எந்த விளம்பரச் சேவையும் ஒத்துக்கொள்ளாத காரியம். கண்டுபிடித்தால் சேர்ந்திருக்கும் பணம் வராது, கணக்கையும் மூடிவிடுவார்கள். நீங்கள் ஆசையில் செய்ததை அவர்கள் மோசடி என்றுதான் பார்ப்பார்கள்.

'நான் மருத்துவர் அல்ல' என்ற ஒரு வரி

போதாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, ஒரு பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். முகம் வீங்கியிருந்தது, ஈறு சேற்று நிறத்தில் இருந்தது, மூச்சு வாங்கியது. உடம்பு சுட்டதென்று பாரசிட்டமால் பாதி மாத்திரை கொடுத்திருக்கிறார். அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற வேண்டிய நொதி பூனையின் கல்லீரலில் மிகவும் குறைவு. மருந்து தேங்கி ரத்தச் சிவப்பணுவைக் கெடுத்து, அது ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். பூனைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அந்த மருந்தில் கிடையாது. அவர் படித்த கட்டுரையைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினார். நாய்க்கென்று எழுதிய பத்தியை அவசரத்தில் பூனைக்கும் சேர்த்துப் படித்திருக்கிறார். கட்டுரையின் கீழே, உங்களிடம் இருக்கிற அதே வரி இருந்தது. பூனை பிழைக்கவில்லை.

பதற்றத்தில் இருக்கிறவர் கடைசி வரி வரை படிக்கமாட்டார். சட்டமும் அந்த வரிக்குப் பெரிய மதிப்புத் தருவதில்லை. 'நான் மருத்துவர் அல்ல' என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் மருந்தும் அளவும் சொன்னால், நீங்கள் செய்தது என்ன என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் காய்ச்சல் கட்டுரையில் அளவுகள் இருக்கின்றன. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். கூட்டம் குறையும், குறையட்டும்.

நோய் பற்றியே எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, எப்போது காத்திருக்கவே கூடாது என்பதை எழுதுங்கள். ஆண் பூனை திரும்பத் திரும்ப முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் அது விடியும் வரை தள்ளிப்போடும் விஷயம் அல்ல. பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால், குறிப்பாகக் குண்டுப் பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு படிந்து ஆபத்தாகும். நாய்களுக்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனையின் முதுகில் விட்டால் நடுக்கமும் வலிப்பும் வரும். சர்க்கரை இல்லாத சூயிங் கம்மில் இருக்கும் சைலிட்டால் அரை மணி நேரத்திலேயே நாயின் ரத்தச் சர்க்கரையைக் கீழே இறக்கிவிடும். இவற்றையெல்லாம் எழுதலாம். எழுதியதை ஒரு கால்நடை மருத்துவரிடம் கொடுத்துச் சரிபார்த்து, அவர் சம்மதத்துடன் அவர் பெயரையும் தேதியையும் மேலே போடுங்கள். அவர் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். இது உங்கள் தொழில் செலவு.

கட்டணம் வாங்கி மருந்து சொல்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் பதிவு பெறாதவர் விலங்குக்கு நோய் கண்டறிந்து சிகிச்சை சொல்வது குற்றம். கட்டணமும் வாங்கினால் வாதிட இடமே இருக்காது. பதிவு பெற்ற நானே, நேரில் பார்த்துப் பழகாத விலங்குக்கு மருந்து எழுதப் பல இடங்களில் சட்டம் விடுவதில்லை. 'என்ன மருந்து கொடுக்கலாம்' என்று கேட்டு வருகிற கடிதங்களுக்கு ஒரே பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மருந்து பற்றி நான் சொல்வதில்லை, இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், போகும் முன் இந்த ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொண்டு போங்கள் என்று. எந்த ஐந்து என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், மூன்று வருடம் குறித்தவர் நீங்கள்.

உணவு நிறுவனத்தின் மூன்று நிபந்தனைகள்

மதிப்புரைக்குப் பணம் வாங்குவதில் தவறில்லை. நிபந்தனைகளில்தான் தவறு.

பணம் வாங்கியதை மறைப்பது முதலாவது. அமெரிக்காவில் வணிக ஆணையம் 2009இலேயே தன் விளம்பர வழிகாட்டுதலில் வலைப்பூ எழுதுகிறவர்களையும் சேர்த்துவிட்டது. இன்று பல நாடுகளில் இதே போன்ற விதிகள் உண்டு. 'பணம் வாங்கவில்லை, மூட்டை மட்டும் இலவசமாக வந்தது, அதற்குமா சொல்ல வேண்டும்' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், அதற்கும். இலவசப் பொருளும் கூலிதான். கட்டுரையின் தலைமாட்டிலேயே, முதல் இணைப்புக்கு முன்னால், 'இதை எழுத இந்த நிறுவனம் எனக்குப் பணம் தந்தது' என்று சாதாரண வார்த்தையில் போடுங்கள். படிக்கிறவர்கள் இதற்காக ஓடிவிடமாட்டார்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் ஓடுவார்கள்.

இணைப்பு விஷயம் இன்னும் நுட்பமானது. காசுக்குத் தரும் இணைப்பில் அது விளம்பர இணைப்பு என்ற குறியைச் சேர்க்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அதற்கென்றே 'ஸ்பான்சர்டு' என்ற தனிக்குறியை 2019இல் கொண்டுவந்தார்கள். 'சாதாரண இணைப்பு' கேட்கிறவர் அந்தக் குறி இல்லாமல் கேட்கிறார். அவருக்குத் தேடலில் உயரம் கிடைக்கலாம். பிடிபட்டால் தேடலில் கீழே போவது உங்கள் தளமும்தான்.

முன்கூட்டிப் பார்ப்பதில் ஒரு சமரசம் உண்டு. சேர்மானம், அளவு, பொருளின் பெயர் போன்ற தகவல்களைச் சரிபார்க்க அனுப்புகிறேன், என் கருத்தை மாற்றமாட்டேன் என்று எழுத்தில் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் செய்யலாம். 'இதயத்துக்கு நல்லது', 'சிறுநீரகத்தைக் காக்கும்' என்றெல்லாம் அவர்கள் எழுதித் தரும் வாசகங்களை மட்டும் உங்கள் வாயால் சொல்லிவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு கறாராக இருக்கச் சொல்கிறேன் என்றால், செல்லப்பிராணி உணவில் இன்றைக்குச் சரியாகத் தெரிவது நாளைக்குச் சந்தேகத்துக்கு உள்ளாகும். தானியம் சேர்க்காத நாய் உணவு ஒரு காலத்தில் எல்லோராலும் புகழப்பட்டது. 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை தளர்ந்து விரியும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று ஆராய்வதாக அறிவித்தது. தொடர்பு உறுதியாகவில்லை, 2022 இறுதியில், பயனுள்ள புதிய அறிவியல் தகவல் வரும்வரை இது பற்றி அறிவிப்பு வெளியிடப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாலு வருடமும் அந்த உணவுக்குத் தரகு இணைப்பு வைத்திருந்த ஒருவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். செய்தியைச் சொன்னால் வருமானம் போகும், சொல்லாவிட்டால் வாசகர் போவார். இரண்டில் எதை விடுவேன் என்பதை ஒப்பந்தம் போடும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரே நிறுவனத்தின் பணம் மொத்த வருமானத்தில் பெரும் பங்காக இருந்தால் அந்த முடிவை எடுக்கும் தெம்பு யாருக்கும் வராது.

சொட்டு மருந்துக்காரருக்குப் பதில் எழுதாதீர்கள். நாள்பட்ட சிறுநீரக நோயில் போன திசு திரும்ப வராது என்பது உங்கள் நாய் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த விஷயம். தரகு அவ்வளவு பெரிதாக இருப்பதற்கும் பொருளின் விலையில் மருந்து எவ்வளவு சிறிய பங்கு என்பதற்கும் தொடர்பு உண்டு.

மின்னூல் போடலாம், சமையல் குறிப்பு வேண்டாம்

வீட்டில் சமைத்தால் நல்லதுதானே என்ற எண்ணம் உங்களுக்கு மட்டும் அல்ல, பலருக்கும் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் அவசியமான ஊட்டச்சத்து ஒன்றாவது குறைவாக இருந்தது. அவற்றில் கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அடக்கம் என்பதை வெட்கத்துடன் சேர்த்துக்கொள்கிறேன். பூனையின் கதை இன்னும் சிக்கல். டாரின் என்ற ஒரு சத்து குறைந்தால் அதன் இதயம் பலவீனமாகும் என்பது 1987இல்தான் தெரியவந்தது. அதுவரை பெரிய நிறுவனங்களின் உணவிலேயே அது போதவில்லை. சிறுநீரக நோய் வந்த விலங்குக்குப் பாஸ்பரஸையும் கணக்குப் பார்க்க வேண்டும். இது ஊட்டச்சத்தில் தனிப்பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை.

உங்களிடம் விற்கத் தகுந்த பொருள் வேறு ஒன்று இருக்கிறது. கடிதத்தின் ஆறாம் பக்கத்தில், ஏதோ பழக்க தோஷம் மாதிரி, போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: மூன்று ஆண்டுகளும் நாயின் எடை, குடித்த தண்ணீர், சாப்பிட்ட அளவு, வாந்தி, ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பாஸ்பரஸ் அளவுகள் எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டு வைத்திருந்தீர்களாம். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவருக்கு இது சாதாரணம். எனக்கு அல்ல. 'எப்போதிலிருந்து சாப்பிடவில்லை' என்று கேட்டால் 'கொஞ்ச நாளாக' என்பதுதான் எனக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். அந்தப் பட்டியலைச் சுத்தம் செய்து, வீட்டில் அச்செடுத்துக்கொள்ளும் பராமரிப்புக் குறிப்பேடாக ஆக்குங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் எதற்காக நிரப்ப வேண்டும் என்று இரண்டு வரி, மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள், திரவம் ஏற்றிய அனுபவம் எல்லாம் சேர்ந்தால் ஒரு நல்ல சிறு மின்னூல். அது சிகிச்சை சொல்லவில்லை. சிகிச்சையை வீட்டில் நடத்திக்கொடுக்கிறது. வாசகர்களிடம் மாத்திரை கொடுக்கும் விதம், குறிப்பேடு நிரப்பும் விதம் சொல்லிக்கொடுக்கக் கட்டணம் வாங்கினாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

இலவசமாக முதல் இரண்டு பக்கத்தை மின்னஞ்சலில் அனுப்புகிறேன் என்று சொல்லி, விருப்பப்பட்டவர்களின் முகவரியைச் சேர்த்து வையுங்கள். தேடுபொறி ஒருநாள் முகம் திருப்பிக்கொண்டாலும் அந்தப் பட்டியல் உங்களிடம் இருக்கும். மற்றவர்கள் எடுத்த படங்களை 'நன்றி' போட்டுப் பயன்படுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். நன்றி என்பது அனுமதி ஆகாது. வீட்டில் மூன்று விலங்குகளை வைத்துக்கொண்டு படத்துக்கு ஏன் அலைகிறீர்கள்?

வேலை

ஆறு மாதத்தில் விடுவது பற்றி என் கருத்து: விடாதீர்கள். இது எழுத்தின் மேல் அவநம்பிக்கை அல்ல. மாதச் சம்பளம் இருக்கிற வரைக்கும்தான் மேலே சொன்ன நிபந்தனைகளுக்கு 'முடியாது' என்று உங்களால் சொல்ல முடியும். வீட்டுச் செலவு அந்த உணவு நிறுவனத்தின் கையில் போய்விட்டால் மூன்றாவது மாதமே குரல் மாறிவிடும்.

தொடர்ந்து 12 மாத வருமானத்தை எழுதுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், அதில் மோசமான மூன்று மாதங்களைப் பாருங்கள். அந்த மாதங்களிலும் அவசியச் செலவு சமாளிக்கப்பட்டிருந்தால், வருமானம் குறைந்தது மூன்று வெவ்வேறு வழிகளில் வந்திருந்தால், அப்போது வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வது பற்றிப் பேசலாம். பக்கத் தொழில் செய்ய உங்கள் அலுவலக ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வலைப்பூவுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வரி விஷயம் உங்களுக்குத் தெரியாததல்ல. இலவசமாக வரும் பொருளும் சில இடங்களில் வருமானமாகக் கணக்கில் வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கடிதத்தின் முடிவில், இப்போது இருக்கும் ஒன்பது வயது நாய் 'சமீபமாகத் தண்ணீர்க் கிண்ணத்தை அடிக்கடி காலி செய்கிறாள், வெயில் போல' என்று எழுதியிருக்கிறீர்கள். வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் அளந்து பாருங்கள். பூனைகளுக்குத் தனிக் கிண்ணம் வைத்துவிட்டு, காலையில் அளந்து ஊற்றி மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். மூன்று நாள் போதும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது இயல்பு அல்ல. சிறுநீரகம், சர்க்கரை, அட்ரீனல் சுரப்பி என்று தேட வேண்டிய இடங்கள் பல உண்டு. அந்த எண்களையும் காலையில் முதலில் போகும் சிறுநீரையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். அதுவரை தண்ணீரைக் குறைத்து வைக்காதீர்கள். அவளுக்குக் கருத்தடை செய்யவில்லை என்றால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் மூன்று நாள் அளக்க வேண்டாம், இன்றே கூட்டிப் போங்கள்.